விருதுப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவோம்: ரோமிலும் டோக்கியோவிலும் ஓர் அப்பா, ஒரு மகன்

வேற்று நாட்டு விருதுப் படங்களைப் பார்க்கத் தொடங்கியதும் நம்மில் பலர் அவற்றை வரிசைப்படுத்தத்தான் பார்க்கிறோம். இத்தாலியப் படத்துக்கு எட்டு, ஜப்பானியப் படத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண் போட்டுவிட்டால் அதற்கப்புறம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. ஒப்பிடுவதன் சுகம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே மாதிரியான தருணம் இரண்டு இயக்குநர்கள் கையில் கிடைக்கும்போது கேமராவை எங்கே வைத்தார்கள், யார் முகத்தைக் காட்டினார்கள், எந்த இடத்தில் காட்சியை முடித்தார்கள் என்று கவனிப்பதில் இருக்கிறது. இதற்குத் திரைப்படக் கல்லூரிப் படிப்பு வேண்டாம். இரண்டு படம், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும்.

இந்தப் பதிவில் இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம். கடைசியில் நீங்களாகவே செய்து பார்க்க ஒரு தமிழ்ப் படம் இருக்கிறது.

படி 1: ஒன்று பொதுவாக இருக்கட்டும், மற்றதெல்லாம் மாறட்டும்

தொடங்குகிறவர்கள் 'உலக சினிமாவில் வறுமை' என்பது போன்ற அகலமான தலைப்பை எடுத்துக்கொண்டு திணறுவார்கள். அவ்வளவு அகலம் வேண்டாம். கையில் பிடிக்கிற அளவுக்கு ஒரு பொதுச் சரடு இருந்தால் போதும். காலம், நாடு, பாணி எல்லாம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

நான் எடுத்துக்கொண்ட சரடு: திருட்டு நடக்கிறது, அப்பா தோற்றுப்போகிறார், மகன் அதைப் பார்க்கிறான்.

முதல் படம் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', இத்தாலி, 1948. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த அந்தோனியோவின் சைக்கிள் வேலையின் முதல் நாளே திருடு போகிறது. அவனும் சிறுவன் புரூனோவும் ரோம் நகரம் முழுக்க அதைத் தேடி அலைகிறார்கள். இரண்டாவது ஹிரோகசு கொரீடாவின் 'ஷாப்லிஃப்டர்ஸ்', ஜப்பான், 2018. டோக்கியோவில் ஒரு நெருக்கடியான பழைய வீட்டில் சேர்ந்து வாழும் குடும்பம். ஒசாமு, சிறுவன் ஷோட்டாவுக்குக் கடைகளில் பொருள் திருடக் கற்றுக்கொடுக்கிறான். இவர்களுக்குள் ரத்த உறவு இல்லை என்பது நமக்கு மெல்ல மெல்லத்தான் தெரியவரும்.

இரண்டுக்கும் நடுவே எழுபது வருடம். ஒன்று கறுப்பு வெள்ளை, மற்றது வண்ணம். ஒன்று பெரும்பாலும் தெருவிலேயே நடக்கிறது, மற்றது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கடினம்.

படி 2: விருது யார் கொடுத்தது என்று பாருங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் விட்டுவிடாதீர்கள்.

'பைசைக்கிள் தீவ்ஸ்' 1950ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறப்பு விருது பெற்றது. வெளிநாட்டு மொழிப் படங்களுக்கென்று போட்டிப் பிரிவு அப்போது கிடையாது. அது 1957 விழாவில்தான் வந்தது. 'ஷாப்லிஃப்டர்ஸ்' 2018இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதை வென்றது. கானில் முடிவெடுப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒரு சிறிய நடுவர் குழு. அந்த வருடம் அதற்குத் தலைவர் நடிகை கேட் பிளான்செட். அதே படம் 2019 ஆஸ்கரில் பரிந்துரைப் பட்டியலோடு நின்றது. வெளிநாட்டு மொழிப் படத்துக்கான அந்த விருது மெக்சிகோவின் 'ரோமா'வுக்குப் போனது. ஒரே படத்துக்கு ஓரிடத்தில் முதல் பரிசு, இன்னோரிடத்தில் ஒன்றுமில்லை. ஆகவே விருது எதற்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். விருதுகளை எண்ணிப் பார்த்து எந்தப் படம் உசத்தி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படி 3: முதல் தடவை சும்மா பாருங்கள்

நோட்டை மூடி வையுங்கள். டப்பிங் வேண்டாம், மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் புரூனோவின் குரல் எங்கே உடைகிறது என்பது காதுக்குத் தெரியும். இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

இனி இரண்டு படங்களின் முடிவையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 4: இணையான தருணத்தைக் கண்டுபிடியுங்கள்

வேலையின் உயிர் இந்தப் படிதான். இரண்டாம் தடவை பார்க்கும்போது உங்கள் சரடு எந்தக் காட்சியில் இழுத்துக் கட்டப்படுகிறது என்று தேடுங்கள். இரண்டு படத்திலும் ஒரே ஒரு காட்சி போதும். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஷாட் ஷாட்டாக எழுதுங்கள்: யார் தெரிகிறார், எவ்வளவு அருகில், என்ன கேட்கிறது, எப்போது அடுத்த ஷாட் வருகிறது.

டி சிகாவில் அது கால்பந்து மைதானத்துக்கு வெளியே வருகிறது. மைதானத்தைச் சுற்றி சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பக்கத்துத் தெருவில் கேட்பாரற்று ஒரே ஒரு சைக்கிள். அந்தோனியோ மகனிடம் காசைக் கொடுத்து டிராமில் போகச் சொல்லிவிட்டு அந்த சைக்கிளைத் திருடுகிறான். புரூனோவால் டிராமைப் பிடிக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் கூட்டம் துரத்துகிறது. இங்கே டி சிகா செய்வதைக் கவனியுங்கள். துரத்தலைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, புரூனோவின் முகத்துக்கு நெருங்கி வருகிறார். திருட்டு எப்படி முடிகிறது என்பதைவிட அதைப் பையன் பார்த்துவிட்டான் என்பதுதான் இப்போது கதை. பிடிபட்ட அப்பாவை ஊர் அறைகிறது, தொப்பி கீழே விழுகிறது. புரூனோ அழுதபடியே தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான். பையனைப் பார்த்த சைக்கிள்காரர், வேண்டாம் விட்டுவிடுங்கள் என்கிறார். பிறகு இருவரும் நடக்கிறார்கள். அப்பாவுக்கு அழுகை வருகிறது. புரூனோ கையைப் பிடித்துக்கொள்கிறான். யாரும் எதுவும் பேசவில்லை. தூசி தட்டிய அந்தத் தொப்பியைவிட ஒரு மகனின் மரியாதையைத் துல்லியமாகச் சொன்ன ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

கொரீடாவில் அதே தருணம் திருட்டு நடக்கும் இடத்தில் இல்லை. தொடக்கக்காரர்கள் இங்கேதான் தவறான காட்சியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஷோட்டா ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக்கொண்டு ஓடி, மேலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொள்ளும் காட்சி வேகமானது, கண்ணில் படுவது. ஆனால் அப்பா தோற்கும் இடம் அதற்கு வெகுநேரம் கழித்து வருகிறது. என்னை விட்டுவிட்டு ஓடப் பார்த்தீர்களா என்று பையன் கேட்கிறான். ஆமாம் என்கிறான் ஒசாமு. இனி அப்பா இல்லை, வெறும் மாமாதான் என்றும் சொல்லிவிடுகிறான். மறுநாள் ஷோட்டா பேருந்தில் ஏறுகிறான். ஒசாமு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி பேருந்தின் பக்கத்திலேயே ஓடுகிறான். பையன் திரும்பவில்லை. பேருந்து வெகுதூரம் போன பிறகுதான் திரும்பிப் பார்த்து, உதடு மட்டும் அசைய, 'அப்பா' என்கிறான். நமக்குச் சத்தம் கேட்பதில்லை. படம் முழுக்க ஒசாமு அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கினான். அது வரும்போது அவன் அங்கே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். டி சிகாவில் மகன் அப்பாவின் அவமானத்தை நேரில் பார்க்கிறான், உடனே கையை நீட்டுகிறான். கொரீடாவில் அப்பா தானே ஒத்துக்கொள்கிறான். மகனின் பதிலோ அவனுக்குப் போய்ச் சேருவதே இல்லை. ஒருவர் கூட்டத்தின் நடுவே இருவரையும் சேர்த்து நடக்க விடுகிறார். இன்னொருவர் நடுவே ஒரு பேருந்துக் கண்ணாடியை வைத்துவிடுகிறார். என் மனசு டி சிகா பக்கம்தான் சாய்கிறது. ஆனால் கொரீடாவின் தூரம்தான் அதிக நாள் கூடவே வருகிறது.

படி 5: நாட்டையும் காலத்தையும் படத்துக்குள்ளேயே தேடுங்கள்

விக்கிப்பீடியாவைத் திறந்து போருக்குப் பிந்தைய இத்தாலியைப் பற்றி மூன்று பத்தி எழுதிவிடுவது சுலபம். அது உங்கள் கட்டுரையோடு ஒட்டாது. ஒரு ஷாட்டிலிருந்து தொடங்குங்கள். திருட்டுக்கு முன்பே அடகில் இருந்த சைக்கிளை மீட்க, அந்தோனியோவின் மனைவி மரியா வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். அடகுக்கடை ஊழியர் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் மேலே மேலே ஏறுகிறார். உயரம் முழுக்க அதே மாதிரி மூட்டைகள். இத்தனை வீடுகள் விரிப்பை அடகு வைத்துத் தின்றிருக்கின்றன என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் அந்த ஷாட் சொல்லிவிடுகிறது.

கொரீடா வேறு வழியில் போகிறார். இறந்துபோன பெற்றோரின் ஓய்வூதியத்தை மறைத்து வாங்கிய குடும்பங்களைப் பற்றிய செய்திகள் இந்தக் கதைக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்திலும் பாட்டியின் ஓய்வூதியத்தில்தான் வீடு ஓடுகிறது. பணக்கார நாடு என்று நாம் நினைக்கும் ஜப்பானின் இன்னொரு பக்கம் அது. வாணவேடிக்கைக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். சுற்றிலும் உயரமான கட்டடங்கள். வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது, குடும்பமே முற்றத்தின் ஓரத்தில் கூடி அண்ணாந்து பார்க்கிறது. கேமரா மேலிருந்து அவர்களைப் பார்க்கிறது. நமக்கும் வாணவேடிக்கை தெரிவதில்லை.

படி 6: நடிப்பும் இசையும்

சுருக்கமாகக் குறித்துக்கொண்டால் போதும். அந்தோனியோவாக வரும் லம்பெர்த்தோ மஜோரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, தொழில்முறை நடிகர் அல்ல. 'ஷாப்லிஃப்டர்ஸி'ல் லில்லி பிராங்கியும் சகுரா அண்டோவும் கிரின் கிகியும் தேர்ந்த நடிகர்கள். விசாரணை அறையில் சகுரா அண்டோ கண்ணீரைத் திரும்பத் திரும்ப உள்ளங்கையால் வழித்துக்கொள்ளும் காட்சியையும், மஜோரானி வெறுமனே நடந்து வரும் ஒரு காட்சியையும் எதிரெதிராக வைத்துப் பாருங்கள். இசையில் டி சிகா தாராளம், கொரீடா சிக்கனம்.

படி 7: எழுதுங்கள்

'இரண்டும் அருமையான படங்கள், இரண்டும் வறுமையைப் பேசுகின்றன' என்று தொடங்காதீர்கள். நேராகக் காட்சியில் இறங்குங்கள். இப்படி:

"புரூனோ தொப்பியின் தூசியைத் தட்டுகிறான், ஷோட்டா உதட்டை மட்டும் அசைக்கிறான். இரண்டு பையன்களும் அப்பாவை மன்னிக்கிறார்கள். புரூனோவின் மன்னிப்பு அப்பாவின் கையில் போய்ச் சேருகிறது. ஷோட்டாவுடையது பேருந்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது."

இந்தப் பத்தியில் சொன்ன ஒவ்வொன்றையும் படத்தை ஓடவிட்டு விரல் வைத்துக் காட்ட முடியும். நீங்கள் எழுதும் எல்லா வரிக்கும் அந்தச் சோதனையை வையுங்கள். காட்ட முடியாத வரியை அடித்துவிடுங்கள்.

உங்களுக்கான பயிற்சி

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதை வென்ற தமிழ்ப் படம். மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில், பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைத் திரும்ப அழைத்துவர மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறார் ஒரு குடிகார அப்பா. கொதிக்கும் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். இதில் சைக்கிள் இல்லை, கடைத் திருட்டும் இல்லை. ஆனால் அப்பாவும் மகனும் நடப்பது என்ற சரடு 'பைசைக்கிள் தீவ்ஸி'லிருந்து நேராக வந்து முட்டும். பையன் உடைந்த கண்ணாடித் துண்டால் அப்பாவின் முதுகில் வெயிலைப் பாய்ச்சும் காட்சியை எடுத்துக்கொண்டு படி 4ஐச் செய்யுங்கள். ரோமில் அவர்கள் அருகருகே நடந்தார்கள். இங்கே யார் முன்னால், யார் பின்னால், நடுவே எவ்வளவு தூரம் என்று ஷாட் ஷாட்டாக எழுதுங்கள்.

அது பிடிபட்டுவிட்டால் மஜித் மஜிதியின் ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). மொன்றியல் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. அதிலும் ஓர் ஏழை அப்பா மகனை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, தெஹ்ரானின் பணக்கார வீடுகளில் தோட்ட வேலை கேட்டுப் போகிறார். பேசத் தடுமாறும் அப்பாவுக்காக வாசலில் மகன் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியை டி சிகாவின் மைதானக் காட்சிக்கு எதிரே வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.