ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மாற்றும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரில் ஸ்பிரிங்கைத் தன் மேல் சுமந்து நிற்கும் ஷாக்தான் ஸ்ட்ரட். முன்பக்க ஸ்ட்ரட்டின் தலையில், நட்டநடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டாமல் அந்த நட்டைத் தொடவே கூடாது. அதைச் சுற்றியிருக்கும் இரண்டு மூன்று சின்ன நட்டுகள்தான் ஸ்ட்ரட்டை வண்டியின் உடம்போடு பிடித்திருக்கின்றன, வெளியே எடுக்க மேல்பக்கத்தில் அவற்றைக் கழற்றினால் போதும். நடுவில் இருப்பது ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கும் பூட்டு. ஸ்ட்ரட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்த பிறகு, வண்டியின் எடைதான் மேலே இல்லையே, இனி என்ன என்று தோன்றும். ஆனால் அந்த ஸ்பிரிங் அப்போதும் அமுங்கியேதான் இருக்கிறது. நட்டு கழன்றால், ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு சேர்க்கும் மேல் மவுண்டிங்கும் ஸ்பிரிங்கும் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும், அந்த வழியில் உங்கள் முகம் இருந்தால் தப்பிக்க நேரமே கிடைக்காது.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இதே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன என்பது என் எண்ணம். இந்த நொடியில் எது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, எதற்குள் விசை அடைபட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளாமல் ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம். ஸ்பிரிங் மட்டும் அல்ல, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், தொங்கும் ஆக்சில், கேஸ் நிரப்பிய ஷாக் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ஷாக்கும் ஸ்ட்ரட்டும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குபவைதான், ஆனால் தனி ஷாக் அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறது, எடையை ஸ்பிரிங் வேறு இடத்தில் உட்கார்ந்து தாங்குகிறது. ஸ்ட்ரட் அப்படியல்ல. ஸ்பிரிங் அதன் மேலேயே அமர்ந்திருக்கிறது, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அதுவே பிடித்து வைக்கிறது, முன்பக்கம் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சேர்ந்து திரும்பவும் செய்கிறது. அதனால்தான் தனி ஷாக்கை மாற்றுவது பெரும்பாலும் இரண்டு போல்ட்டு வேலையாக முடிகிறது, ஸ்ட்ரட் ஒரு முழு நாள் வேலையாக நீள்கிறது.

மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்காமலே பாகத்தை வாங்குவது அடுத்த தவறு. பள்ளத்தில் இறங்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே ஷாக்கின் மேல் பழி போடுகிறோம். ஸ்டெபிலைசர் பாரோடு இணைக்கும் லிங்க் ராடு தேய்ந்திருந்தாலும், மேல் மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தாலும், சக்கரத்தை அடியில் பிடிக்கும் கீழ்க் கையின் புஷ் போயிருந்தாலும் அதே மாதிரி சத்தம்தான் வரும். ஷாக் உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும் தெரிந்தால் அது இயல்பானதாகவே இருக்கலாம், எண்ணெய் வழிந்து தூசியோடு சேர்ந்து சேறாகப் படிந்திருந்தால்தான் சீல் போய்விட்டது என்று அர்த்தம். டயரின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு மேடு ஒரு பள்ளம் என்று மாறி மாறித் தேய்ந்திருந்தால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பாகம் வந்ததும் பழையதைக் கழற்றுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரே மாடலிலேயே இஞ்சினுக்கும் வருடத்துக்கும் ஏற்ப ஸ்ட்ரட் மாறும், பல வண்டிகளில் இடதும் வலதும் வேறு வேறு. பிரேக் ஹோஸைப் பிடிக்கும் தகடு, ஏபிஎஸ் ஒயர் கிளிப், லிங்க் ராடு மாட்டும் காது எல்லாம் பழையதில் இருக்கும் இடத்திலேயே புதியதிலும் இருக்கிறதா? வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகு இல்லை என்று தெரிந்தால் அன்றைய நாள் போச்சு. அப்புறம், ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். ஒரே ஆக்சிலில் ஒன்று புதியது, ஒன்று ஓய்ந்தது என்றால் வளைவிலும் திடீர் பிரேக்கிலும் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

மேல் மவுண்டிங், அதோடு வரும் பேரிங், ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், இவற்றைப் பழையதையே மாட்டிக் காசை மிச்சம் பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன், பழைய பேரிங் கையில் சுற்றியபோது நன்றாகத்தான் இருந்தது. எடை ஏறியதும் இறுகிக்கொண்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் முறுக்கேறி ‘டங்’ என்று விடுபடும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. அந்த ஒரு பேரிங்குக்காக முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்பதற்கு ஜாக் ஸ்டாண்டு. சமதளமான கெட்டித் தரை வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகல் வைக்க வேண்டும். முன்பக்கம் வேலை செய்யும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்தே தூக்குங்கள். ஒரு சக்கரம் தரையிலும் ஒன்று தொங்கலிலும் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராடைக் கழற்றும்போது திமிறும், திரும்ப மாட்டும்போது துளை நேராகவே வராது. நட்டு துருப்பிடித்திருக்கிறது என்று சுத்தியலை எடுக்கப் போகிறவர்கள் பலர் உண்மையில் மல்லுக்கட்டுவது இந்த முறுக்கோடுதான். நிஜமாகவே துரு என்றால் முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றும் முன், நக்கிள் எந்த இடத்தில் நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் சிறிது இடைவெளி இருக்கும், அதில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சக்கரத்தின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறிவிடலாம். சில வண்டிகளில் அந்தப் போல்ட்டின் கழுத்தில் பல் வெட்டியிருக்கும். அப்படியென்றால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்ற வேண்டும், போல்ட்டைச் சுற்றினால் பல் அரைந்துபோகும்.

போல்ட்டு வெளியே வந்ததும் நக்கிள் மொத்தமாக வெளிப்பக்கம் சாயும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் அதன் எடையில் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்முனை மூட்டு கழன்று வரவும் வாய்ப்புண்டு. ஆகவே கழற்றுவதற்கு முன்பே நக்கிளை ஒரு கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். மேலே சுற்றியுள்ள சின்ன நட்டுகளில் ஒன்றைக் கடைசிவரை விட்டு வைத்து, ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு அதைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அது நேராகக் காலில்தான் விழும்.

இனி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர். கொக்கி வைத்த இரண்டு கம்பிகளாக வரும் வகைதான் வீட்டு வேலையில் அதிகம் புழங்குகிறது, விபத்துகள் நடப்பதும் இங்கேதான். இரண்டும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் சரியாக நேர் எதிரே நிற்க வேண்டும், முடிந்தவரை அதிகச் சுற்றுகளைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மூன்று திருப்பு, பிறகு மறுபக்கம் அதே அளவு என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கமே இறுக்கிக்கொண்டு போனால் ஸ்பிரிங் வாழைக்காய் போல வளையும், கொக்கி வழுக்கும். மரைக்கு கிரீஸ் தடவுங்கள், தட்டித் தட்டி வேகமாகச் சுற்றும் இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம், கை ராட்செட் போதும். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து, கையால் அசைத்தால் ஆடும் அளவுக்கு அமுங்கினால் போதும், அதற்கு மேல் ஒரு திருப்புகூடத் தேவையில்லை. அமுக்கிய ஸ்பிரிங்கின் இரு முனைகளும் யாரையும் பார்த்து இருக்கக் கூடாது, அதை அப்படியே மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. கொக்கி வளைந்தோ மரை தேய்ந்தோ இருந்தால் அந்தக் கம்ப்ரஸரைத் தூக்கிப் போடுங்கள். இந்தக் கட்டம் பயமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்பிரிங், மவுண்டிங் எல்லாம் பூட்டியே வரும் முழு ஸ்ட்ரட்டை வாங்கலாம், அல்லது கழற்றிய ஸ்ட்ரட்டை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் அங்கே இருக்கும் நிலையான பிரஸ்ஸில் ஸ்பிரிங்கை மட்டும் புது ஸ்ட்ரட்டுக்கு மாற்றிக்கொண்டு வரலாம்.

ஸ்பிரிங்கைப் புது ஸ்ட்ரட்டில் ஏற்றி நடு நட்டை இறுக்கும்போது, ஸ்ட்ரட்டுக்குள் மேலும் கீழும் போகும் ராடும் கூடவே சுற்றும். உடனே கை பிளையரைத் தேடும், வேண்டாம். ராடு கண்ணாடி போல மெருகேற்றிய குரோம், பிளையர் போடும் ஒரு சின்னக் கீறல் ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போதும் ஆயில் சீலை அறுக்கும். புது ஷாக் சில மாதங்களிலேயே ஒழுக ஆரம்பிக்கும், பழி கம்பெனி மேல் விழும். ராடின் தலையில் அலன் கீ போடும் குழியோ தட்டையான பிடியோ பெரும்பாலும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். இம்பாக்ட் கன் இங்கேயும் கூடாது, ராடு வேகமாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் பிஸ்டன் பாதிக்கப்படலாம்.

இரட்டைக் குழாய் வகை ஷாக் கடையில் படுத்தே கிடந்திருக்கும், அப்போது வெளிக்குழாயில் இருக்க வேண்டிய காற்றோ கேஸோ உள்குழாய்க்குள் புகுந்துவிடும். மாட்டுவதற்கு முன் நேராக நிறுத்தி, முழு நீளத்துக்கு மெதுவாக நான்கைந்து முறை அமுக்கி இழுத்தால் வெளியேறிவிடும். அதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, புது ஷாக் கொழகொழவென்று இருக்கிறது, உள்ளே ‘களக் களக்’ என்கிறது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு.

ஸ்பிரிங்கின் கீழ்முனை இருக்கையில் உள்ள படியில் போய் உட்கார வேண்டும். மேல் மவுண்டிங்கில் அம்புக்குறி இருந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நல்ல அனுபவம் உள்ளவர்கள்கூடத் தவறவிடும் ஒன்று. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. பின்பக்க ஷாக்கின் கீழ்க்கண், கீழ்க் கையின் புஷ் எல்லாம் இந்த வகை. ரப்பரின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயைத்தான் போல்ட்டு இறுக்கிப் பிடிக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்தையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கையால் போட்டு லேசாகப் பிடித்து வையுங்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போதோ, கீழிருந்து ஜாக்கியால் சக்கரத்தை அந்த உயரத்துக்குத் தூக்கிவிட்டோ கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். நக்கிளைப் பிடிக்கும் அந்தப் பெரிய போல்ட்டுகளில் ரப்பர் இல்லை, அவற்றைத் தொங்கலிலேயே இறுக்கலாம். எதுவாக இருந்தாலும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். பல வண்டிகளில் மேலே உள்ள சின்ன நட்டுகளுக்கு 20 முதல் 50 நியூட்டன் மீட்டர்தான் தேவை, நக்கிள் போல்ட்டு 100ஐத் தாண்டும். கையின் உணர்வை நம்பினால் மேலே உடையும், கீழே தளரும். உங்கள் வண்டிக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். தானாகத் தளராமல் பிடிக்கும் லாக் நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ஆக்சில் என்றால் இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். பல வண்டிகளில் ஆக்சில் இதற்கு மேல் கீழே இறங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான். அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள். இல்லையென்றால் ஆக்சில் திடீரென்று இறங்கும், ஸ்பிரிங் உருண்டு விழும், பிரேக் ஹோஸ் இழுபடும்.

முன்பக்க ஸ்ட்ரட்டில் கை வைத்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், கோடு போட்டு மாட்டியிருந்தாலும் சரி. அதுவரை மெதுவாக ஓட்டுங்கள், ஓர் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.

கழற்றிப் போட்ட பழைய ஷாக்கிலும் கேஸ் அடைபட்டே இருக்கும். வண்டி டயரில் 2 பாருக்குச் சற்று மேலே காற்று இருக்கிறது, ஒற்றைக் குழாய் வகை ஷாக்கில் 20 முதல் 30 பார் வரை இருக்கும். அதை அறுத்துப் பார்க்கவோ, தீயில் போடவோ, பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கவோ வேண்டாம். பழைய இரும்புக்குக் கொடுக்கும்போதும் உள்ளே கேஸ் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.