குழந்தையின் சிகிச்சைக்கு நிதி திரட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, ஆபரேஷனுக்கு நாலு லட்சம் ஆகும் என்று டாக்டர் சொன்னதும் கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சொந்தக்காரப் பையன் ஒருவன் அன்று ராத்திரியே குழந்தையின் படத்தையும் ஜிபே நம்பரையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவான். நல்ல மனசோடுதான் செய்கிறான். ஆனால் பாதிச் சிக்கல் அந்த ராத்திரியில்தான் ஆரம்பிக்கிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்காமலே ஊரிடம் கேட்கப் போவது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். குழந்தைகளின் இதய ஆபரேஷன், புற்றுநோய், காது கேளாத சிறு குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி எல்லாம் இதில் வரும். காப்பீட்டுக் கார்டு இல்லையா? ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

இதில் ஒன்று முக்கியம். ஆஸ்பத்திரி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிச் சிகிச்சை தரும் திட்டம் இது. வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டிவிட்டு, அப்புறம் கார்டை நீட்டினால் கட்டியது திரும்புவது ரொம்பக் கஷ்டம். அட்மிஷன் போடும்போதே கேட்டுவிடுங்கள். அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லையென்றால், குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றும் நிலைமை இருக்கிறதா என்று டாக்டரிடமே கேட்கலாம், தப்பில்லை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்பிஎஸ்கே திட்டக் குழு 18 வயது வரையுள்ள பிள்ளைகளை மேல்சிகிச்சைக்கு அனுப்பும். அபூர்வ நோய் என்றால், 2021-இல் வந்த தேசியக் கொள்கைப்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் வரை உதவி கிடைக்கும். அதற்கான சிறப்பு மையங்களில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் ஒன்று.

இத்தனைக்குப் பிறகும் பணம் தேவைப்படலாம். தேவைப்படத்தான் செய்யும். அப்போது எவ்வளவு என்பதைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். ஆஸ்பத்திரியின் லெட்டர்பேடில், சீல் வைத்த எஸ்டிமேட் வாங்குங்கள். உங்கள் வேண்டுகோளில் காப்பீடு எவ்வளவு தருகிறது, மீதி எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கணக்கில் எடுப்பதும் தவறுதான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏஎல்எல் வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் நீளும். முதல் சில மாதம் ஊரே பணம் அனுப்பும். அதற்கப்புறம்தான் கஷ்டமே. பஸ் செலவு, ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு ரூம் வாடகை, அப்பாவுக்கு மாசத்தில் பாதி நாள் கூலி இல்லை, வீட்டில் பாட்டியிடம் விட்டு வந்த இன்னொரு பிள்ளை. குழந்தை தேறிவிட்டது போலத் தெரியும், கையில் காசிருக்காது, அடுத்த ஊசிக்குப் போகாமல் நின்றுவிடுவார்கள். அங்கேதான் நோய் திரும்புகிறது. ஆகவே பணத்தைக் கட்டம் கட்டமாகத் திரட்டுங்கள், பயணத்துக்கும் வாடகைக்கும் தனியே ஒதுக்குங்கள். செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் போன்ற அமைப்புகள் புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்களைப் பெருநகரங்களில் இலவசமாகத் தங்க வைக்கின்றன. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பார்த்தால் வழி சொல்வார்.

பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். முடிந்தவரை ஆஸ்பத்திரியின் கணக்குக்கே, நோயாளி எண்ணோடு போகட்டும். உரிய அடையாள ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஆகாது, 50,000-க்கு மேல் இருப்பும் வைக்க முடியாது. அவசரத்தில் அம்மாவின் பழைய ஜன்தன் கணக்கைக் கொடுக்கும்முன், அதுவும் இந்த வகையா என்று வங்கியில் விசாரித்துவிடுங்கள். மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு போன்ற நிதி திரட்டும் இணையதளம் வழியாகத் திரட்டினால், கட்டணம், ஜிஎஸ்டி, விளம்பரச் செலவு என எதெல்லாம் பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தனிநபருக்கு அனுப்பும் பணத்துக்கு, நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடையாது. கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

படம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மூக்கில் குழாயோடு, உடம்பில் துணியில்லாமல் அழும் குழந்தையின் படம் வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளை நாளை பள்ளிக்கூடம் போகும். அந்தப் படமும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். முகம் தெரியாத படமும் எஸ்டிமேட்டும் போதும். ஆதார் எண், வீட்டு முகவரி, மருத்துவ ரிப்போர்ட்டில் உள்ள மற்ற விவரங்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். உங்கள் படத்தை எடுத்து வேறு க்யூஆர் கோடு ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே ஆஸ்பத்திரியில் சரிபார்க்க ஒரு எண்ணையும், வேண்டுகோளின் கடைசித் தேதியையும் படத்தின் மேலேயே அச்சிடுங்கள்.

மீதிப் பணம் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். வந்ததும் செலவானதும் வாரம் ஒருமுறை அதே குரூப்பில் போகட்டும், பில்லோடு. தேவையான தொகை சேர்ந்த அன்றே "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று தேதியோடு எழுதி, முதல் செய்தி போன எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.