இரண்டு கணினிகளில் ஒரே ஹாம் பதிவேடு

வானொலியில் யாருடன் எப்போது பேசினோம் என்று குறித்துவைக்கும் பதிவேடு ஒன்றை வீட்டு மேசைக் கணினியிலும், வெளியூருக்கு எடுத்துச் செல்லும் மடிக்கணினியில் இன்னொன்றையும் வைத்திருக்கும் ஹாம் வானொலி அன்பர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, பதிவேட்டுக் கோப்பை டிராப்பாக்ஸ் அல்லது கூகுள் டிரைவ் கோப்புறையில் போட்டுவிட்டு இரு கணினிகளிலும் அதையே திறப்பதுதான். இந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது. லாக்4ஓஎம் போன்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதும்போது, முதன்மைக் கோப்புக்கு அருகிலேயே தற்காலிகத் துணைக் கோப்புகள் உருவாகக்கூடும். கிளவுடு சேவை அவற்றை வெவ்வேறு நேரத்தில் அனுப்புவதால் மறுமுனைக்கு அரைகுறைத் தரவு போய்ச் சேர வாய்ப்புண்டு. இரு பக்கமும் ஒரே சமயத்தில் எழுதப்பட்டால் அச்சேவை பதிவுகளை ஒன்றுசேர்ப்பதில்லை, முரண்பட்ட பிரதி என்று இன்னொரு கோப்பை உருவாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தக் கோப்புறையில் காப்புப் பிரதிகளை மட்டும் வையுங்கள்.

இரு கணினிகளும் ஒரே வீட்டு வலையமைப்பில் இருக்குமானால், ஒத்திசைவு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிடலாம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ எப்போதும் இயங்கும் வேறு கணினியிலோ மரியாடிபி என்ற தரவுத்தள சர்வரை நிறுவி, லாக்4ஓஎம் அல்லது சிகியூஆர்லாக் பதிவேட்டு மென்பொருளை இரு கணினிகளிலிருந்தும் அதனுடன் இணைத்தால் போதும். இணைப்பு கிடைக்கவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது சர்வரின் அமைப்புக் கோப்பை. டெபியன் வகை லினக்ஸில் மரியாடிபி 127.0.0.1 (அதாவது அதே கணினி) என்ற முகவரிக்கு மட்டுமே செவிசாய்க்கும்படி நிறுவப்படுகிறது. அதை மாற்றி, பதிவேட்டுக்கென்று தனிப் பயனர் கணக்கை உருவாக்கி, வீட்டு வலையமைப்பின் முகவரிகளிலிருந்து மட்டும் அக்கணக்கு நுழைய அனுமதியுங்கள். ரூட்டரில் சர்வருக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிடுவது அவசியம். மரியாடிபி பயன்படுத்தும் 3306 எண் போர்ட்டை இணையத்திற்குத் திறந்துவிடக் கூடாது.

இணையம் எட்டாத இடத்திற்கு மடிக்கணினி போகும்போது இந்த ஏற்பாடு உதவாது. அப்போது வீட்டுப் பதிவேட்டை மூலமாகவும், மடிக்கணினியில் உள்ளதைத் தற்காலிகக் குறிப்பேடாகவும் கொள்வதே என் பரிந்துரை. பயணம் முடிந்ததும் புதிய தொடர்புகளை மட்டும் தேதி வாரியாகத் தேர்ந்தெடுத்து, பதிவேட்டு மென்பொருள்களுக்கான பொதுவான பரிமாற்ற வடிவமான ஏடிஐஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, வீட்டுப் பதிவேட்டைக் காப்புப் பிரதி எடுத்த பின்னர் அதில் இறக்குமதி செய்யுங்கள். முழுப் பதிவேட்டையும் அப்படியே கொண்டுவந்து பழையவற்றின் மேல் எழுத அனுமதித்தால், வீட்டில் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த கியூஎஸ்எல் உறுதிப்பாடுகள் (தொடர்பு நடந்ததை எதிர்முனையினர் உறுதிசெய்தவை) அழிந்துபோகக்கூடும்.

இறக்குமதியின்போது மென்பொருள் அழைப்புக் குறி, அலைவரிசைப் பட்டை, முறை, நேரம் ஆகியவற்றை ஒப்பிட்டு இரட்டிப்பைக் கண்டுபிடிக்கிறது. ஒரு கணினி யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் மற்றொன்று இந்திய நேரத்திலும் பதிந்திருந்தால் ஒரே தொடர்பு ஐந்தரை மணி நேர இடைவெளியில் இரண்டாக நிற்கும். கணினி வழியே செய்தி பரிமாறும் டிஜிட்டல் முறைகளில் ஒன்றான எஃப்டி4 இன்னொரு கண்ணி. ஏடிஐஎஃப் தரநிலை எஃப்டி8ஐத் தனி முறையாகவே ஏற்கிறது. எஃப்டி4ஐயோ எம்எஃப்எஸ்கே என்ற முறையின் துணைமுறையாக வகைப்படுத்துகிறது. ஒரு மென்பொருள் தரநிலைப்படியும் மற்றொன்று எஃப்டி4 என்று நேரடியாகவும் எழுதியிருந்தால் இரண்டும் வெவ்வேறு தொடர்புகளாகவே கருதப்படலாம். எதிர்முனை நண்பரின் பெயரைத் தமிழில் எழுத ஆசை இருந்தாலும், ஏடிஐஎஃப்பின் உரை வடிவமான ஏடிஐ கோப்பில் அதைச் செய்யாதிருப்பது நல்லது. ஒவ்வொரு புலத்திலும் எத்தனை எழுத்துகள் உள்ளன என்ற எண் முன்னதாகவே குறிக்கப்படும் அவ்வடிவம் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளை மட்டுமே எதிர்பார்க்கிறது.

இருப்பிடத்தையும் கவனியுங்கள்; ஹாம் வானொலியில் அது உலக வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரிக்கும் கட்டக் குறியீட்டால் குறிக்கப்படுகிறது. வீடு சென்னையிலும் பயணம் கொடைக்கானலுக்கும் என்று வைத்துக்கொள்வோம். சென்னையின் கட்டம் என்கே03, கொடைக்கானலின் கட்டம் எம்கே80. மலையிலிருந்து பேசிய தொடர்புகளில் உங்கள் கட்டக் குறியீடு ஏற்றுமதிக்கு முன்பே நிரப்பப்பட்டிராவிட்டால், வீட்டு மென்பொருள் அவற்றுக்குச் சென்னைக் கட்டத்தையே இட்டுவிடலாம்.

அமெரிக்க ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல் 2003 முதல் நடத்திவரும், தொடர்புகளை இணையத்தில் உறுதிசெய்யும் லோட்டு (எல்ஓடிடபிள்யூ) சேவைக்குப் பதிவேற்றுவதை வீட்டுக் கணினிக்கு மட்டுமே விடுங்கள். எவற்றை ஏற்கெனவே அனுப்பினோம் என்ற கணக்கை, பதிவுகளில் மின்னணுக் கையொப்பமிட்டு லோட்டுக்கு அனுப்பும் டிகியூஎஸ்எல் மென்பொருள் அந்தந்தக் கணினியிலேயே வைத்திருப்பதால், மற்றதிலிருந்து அனுப்பும்போது இரட்டிப்பை அதனால் அடையாளம் காண இயலாது. வெளியூர்த் தொடர்புகளில் கையொப்பமிடுமுன் அந்த ஊருக்கான நிலைய இருப்பிடத்தை டிகியூஎஸ்எல்லில் தேர்வுசெய்ய மறக்க வேண்டாம்.

கடைசியாக, இறக்குமதிக்கு முன்னும் பின்னும் மொத்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, கூடிய தொகை ஏற்றுமதிக் கோப்பின் எண்ணிக்கையுடன் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். நீக்கங்கள் இந்த வழியில் கடந்து வருவதில்லை. மடிக்கணினியில் அழித்த ஒரு பதிவு முன்பே வீட்டுக்கு வந்திருந்தால், அங்கும் அதைக் கையால்தான் அழிக்க வேண்டும். எல்லாம் பொருந்திய பிறகு, வீட்டுப் பதிவேட்டின் புதிய பிரதியை மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டு அடுத்த பயணத்தைத் தொடங்கலாம்.