அரிசி ஆலைக்குப் பரவலாக்கிய கட்டுப்பாட்டை வகுக்கும் முறை

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் ஊறவைத்தல் முதல் தீட்டல் வரை யாவற்றையும் ஒரே பி.எல்.சி.யில் (இயந்திரங்களை இயக்கும், நிரல் எழுதக்கூடிய கட்டுப்படுத்தியில்) எழுதிவிட்டால், பெரும்போக நெல் வந்து குவியும் நாட்களில் இன்னோர் உலர்த்தியைச் சேர்ப்பதற்கு ஆலை முழுவதையும் நிறுத்த நேரிடும். ஆகவே முதலில் வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியான சிறு கட்டுப்படுத்தியை அமையுங்கள்.

இதற்கு 2005 இல் வெளியான ஐ.ஈ.சி. (சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு) 61499 நியமம் பொருத்தமானது. அதில் ஒவ்வொரு செயற்பாட்டுத் தொகுதியும், அதாவது ஒரு வேலைக்கான நிரல் துண்டும், நிகழ்வையும் தரவையும் வெவ்வேறு வாயில்களில் பெறுகிறது. ‘தொட்டி நிறைந்தது’ என்ற நிகழ்வு வந்ததும் உலர்த்தித் தொகுதி விழித்து, ஈரப்பதத்தை வாசித்து, அது 14 சதவீதத்துக்கு இறங்கியதும் ‘உலர்ந்தது’ என அடுத்த தொகுதிக்கு அறிவிக்கும். புதிய உலர்த்திக்கு அதே தொகுதியின் இன்னொரு பிரதியை ஏற்றி, ஒரு தொகை நெல் முடிந்து மறுதொகை தொடங்கும் இடைவெளியில் இணைப்பை மாற்றினால் போதும்.

கட்டுப்படுத்திகளை இணைக்கும் வலையமைப்பு அறுந்தால் ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். உலர்த்தியில் அடுப்பு அணைய வேண்டும், ஆனால் விசிறி சுழன்றுகொண்டிருக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் வலையமைப்பை நம்பி விடாமல், நேரடிக் கம்பியால் இணையுங்கள்.