பிஎச்பி பழக ஒரு சாப்பாட்டுக்கடை பில்

மலேசியாவில், பினாங்கில் என் கணினிக் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது பிஎச்பிதான் (PHP). இணையப் பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழி அது. 1995இல் வந்த பழைய ஆள். ஆனாலும் எழுதியது உடனே திரையில் தெரியும்.

பிஎச்பியை நம் கணினியிலேயே ஓட்ட உதவும் எக்ஸாம்ப் (XAMPP) தொகுப்பை நிறுவி, அதிலுள்ள அப்பாச்சி (Apache) என்ற வெப் சர்வரை ஓடவிடுங்கள். நீங்கள் எழுதிய பிஎச்பி ஃபைலை எக்ஸாம்ப்பின் எச்டிடாக்ஸ் (htdocs) ஃபோல்டருக்குள் வைத்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (localhost, அதாவது நம் கணினியே) என்று தட்டி, அதோடு ஃபைல் பெயரையும் சேர்த்துத்தான் திறக்க வேண்டும். ஃபைல் மேலேயே இருமுறை கிளிக் செய்தால் வேலைக்காகாது. பிஎச்பியை ஓட்டுவது சர்வர். பிரவுசருக்கு வந்து சேர்வது பக்கத்தைக் காட்டும் வெறும் எச்டிஎம்எல் (HTML).

அப்புறம் ஒரு பில் எழுதிப் பாருங்கள். ரொட்டி சானாய் (பரோட்டா போன்றது) 1.80 வெள்ளி (ரிங்கிட்), தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) 2.20 என்று வைத்துக்கொள்வோம். விலைகளை அர்ரே (array) என்ற பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபோர்ஈச்சில் (foreach) வரிசையாகக் காட்டுங்கள். எத்தனை வேண்டும் என்று ஃபார்மில் கேட்டு, அதை விலையோடு பெருக்குங்கள். யாராவது 'ரெண்டு' என்று எழுத்தில் அடிப்பார்கள், கட்டாயம் அடிப்பார்கள்! பிஎச்பி 8 அங்கேயே டைப்எரர் (TypeError, தரவின் வகை பொருந்தாத பிழை) சொல்லி நின்றுவிடும். அதனால் வந்தது எண்தானா என்று இஸ்நியூமெரிக் (is_numeric) ஃபங்ஷனை வைத்துச் சோதித்த பிறகே பெருக்குங்கள்.