பெயிண்ட்பால் மார்க்கருக்கு டிரிகர் ஃபிரேம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயிண்ட்பால் மார்க்கருக்கு, அதாவது சாயப் பந்துகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிக்கு, பிடியும் டிரிகரும் அமைந்த பாகமான டிரிகர் ஃபிரேமைச் சொந்தமாகச் செய்யலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது அதன் வெளித்தோற்றத்தைத்தான். பிடியின் வளைவு, டிரிகரைச் சுற்றிக் காக்கும் வளையமான டிரிகர் கார்டின் சாய்வு, பக்கத்தில் அழகுக்கு ஒரு வெட்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் ஃபிரேம் பார்க்க நன்றாகவே வந்தது. மார்க்கரில் பூட்டி டிரிகரை இழுத்தால் சியர் விடவே இல்லை. டிரிகர் சுற்றித் திரும்பும் சிறு தண்டான டிரிகர் பின்னுக்கான துளை 0.4 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சின்ன அளவு ஏன் இத்தனை பெரிய வேலை செய்கிறது? ஸ்பிரிங் விசையோடு முன்னால் பாயக் காத்திருக்கும் ஹேமரைச் சியர் ஒரு கொக்கிபோலப் பிடித்து வைத்திருக்கிறது. டிரிகர் அந்தக் கொக்கியை விலக்கினால் ஹேமர் போய் வால்வைத் தட்டும். காற்று வெளியேறிப் பந்தைத் தள்ளும். பல மார்க்கர்களில் கொக்கி பிடித்திருக்கும் ஆழமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். டிரிகர் ஒரு நெம்புகோல் என்பதால் விரல் பக்கம் நீளம், சியர் பக்கம் குட்டை. குட்டைப் பக்கத்தில் 0.4 மில்லிமீட்டர் காணாமல் போனால், விரல் பக்கத்தில் அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இழுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்குள் டிரிகர் பின்சுவரில் முட்டிவிடும்.

ஆகவே ஃபிரேமை உள்ளிருந்து வெளியே வரைய வேண்டும். மார்க்கரின் உடலோடு ஒட்டும் மேல்முகமும், முன்பக்கத்துப் பூட்டுத் திருகின் துளையும்தான் தொடக்கப் புள்ளி. டிரிகர் பின், சியர் பின், சேஃப்டி, டிரிகர் பள்ளம் என எல்லா அளவும் அந்த இரண்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று சங்கிலிபோல அளவு கொடுத்தால், ஒவ்வொரு கண்ணியிலும் சேரும் சிறு பிழை கடைசித் துளையில் மொத்தமாக வந்து நிற்கும்.

உங்கள் மார்க்கர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் வரைவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எல்லா டிரிகரும் பின்னைச் சுற்றித் திரும்புவதில்லை. ஆட்டோகாக்கர் என்ற மார்க்கரின் வழக்கமான டிரிகர் முன்னும் பின்னும் சறுக்குகிறது. முதல் பாதி இழுப்பில் சியர் விடும். அடுத்த பாதி, முன்னால் இருக்கும் மூவழி வால்வை நகர்த்தி மார்க்கரை மறுபடி தயாராக்கும். பள்ளத்தைக் குட்டையாக வெட்டிவிட்டால் மார்க்கர் ஒரு முறை சுடும், அடுத்த முறைக்குத் தயாராகாது. ஆட்டோமேக் என்ற மார்க்கரில் சியர் ஃபிரேமுக்குள் இல்லை, மேலே உடலுக்கும் ஃபிரேமுக்கும் இடையிலுள்ள ரெயிலில் இருக்கிறது. ஒன்றுக்கு வரைந்ததை இன்னொன்றுக்கு மாற்றி எடுத்துக்கொள்ள முடியாது.

அளவெடுக்கும்போது நடப்பவை

பழைய ஃபிரேமிலிருந்து அளவெடுக்கும்போது இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை வெர்னியர் முனையை வைத்துக் கண்ணால் பார்த்து எடுப்பது மிகப் பரவலான தவறு. இரண்டு துளைகளிலும் ஒரே அளவுள்ள பின்னை, அல்லது டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைச் செருகுங்கள். இரண்டின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்து, ஒரு பின்னின் விட்டத்தைக் கழித்தால் மையத் தூரம் கிடைத்துவிடும். சின்னத் துளையின் விட்டத்தையும் வெர்னியரின் உள் தாடைகளை நம்பி எடுக்காதீர்கள். தாடையின் முனை தட்டையாக இருப்பதால் வளைந்த சுவரில் சரியாகப் படியாது. எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும். எந்தப் பின் நுழைகிறது, எது நுழையவில்லை என்று பார்ப்பதே நம்பகமான வழி.

இன்னொன்று, இந்த மார்க்கர்களில் பெரும்பாலானவை அங்குல அளவில் பிறந்தவை. வெர்னியர் 3.15 என்று காட்டினால் அது 3.175, அதாவது கால் அங்குலத்தில் பாதி. 6.3 என்று காட்டினால் கால் அங்குலமான 6.35 ஆகத்தான் இருக்கும். பழைய ஃபிரேமின் தேய்மானத்தையும், அலுமினியத்தின் மேல் ஏற்றும் அனோடைசிங் பூச்சையும் சேர்த்து அளந்துவிட்டு அதையே வடிவமைப்பாளரின் எண்ணம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பிடியின் பக்கத்தகடுகளுக்கு .45 கைத்துப்பாக்கி வகை பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டு திருகுகளுக்கும் இடையே சுமார் 78 மில்லிமீட்டர் வரும். ஆனால் கையில் உள்ள தகட்டை வைத்துச் சரிபார்க்காமல் துளையிட வேண்டாம்.

மரை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது, அதில் விழாதவர்கள் குறைவு. மார்க்கர்களில் அடிக்கடி வருவது 10-32 திருகு: பத்தாம் எண் திருகு, அங்குலத்துக்கு 32 மரை. இதன் வெளிவிட்டம் 4.83 மில்லிமீட்டர், மரைக்கு மரை 0.794. பட்டறையில் எளிதாகக் கிடைக்கும் எம்5 திருகோ 5 மில்லிமீட்டர், 0.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எம்5 திருகை 10-32 துளையில் போட்டால் ஓரிரு சுற்று போய் இறுகும். வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினிய மரை அறுந்துவிடும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். 10-32 திருகு எம்5 துளைக்குள் சுகமாகப் போய்விடும், ஆனால் மரையின் நுனிகள் மட்டும்தான் பிடித்திருக்கும். பிடியின் அடியில் காற்று அடாப்டரைப் பூட்டும் திருகுகளில் இப்படி நடந்தால் ஆபத்து. காற்று டேங்கைத் தோளில் ஊன்றி ஓடுகிறோம், குப்புற விழுகிறோம். அந்த விசை முழுவதும் அந்த இரண்டு திருகுகளில்தான் வந்து விழுகிறது. அலுமினியத்தில் திருகின் விட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு மரை பிடித்திருக்க வேண்டும். 10-32 என்றால் சுமார் 7 முதல் 10 மில்லிமீட்டர்.

திருகு நீளமாக இருந்தாலும் தொல்லைதான். மேலே உடலோடு பூட்டும் திருகு தேவைக்கு மேல் நீண்டு உள்ளே எட்டிப் பார்த்தால், சில மார்க்கர்களில் ஹேமரையே உரசும். பந்தின் வேகம் ஏறி இறங்கும். ஆள் வால்வையும் ஸ்பிரிங்கையும் சந்தேகித்து நாள் கணக்கில் அலைவார்.

திரையில் கூர்மூலை, கட்டரில் வட்டம்

கணினியில் டிரிகர் பள்ளத்தைச் செவ்வகமாக வரைவது சுலபம். கட்டர் வட்டமானது. 6 மில்லிமீட்டர் எண்ட் மில் போன இடத்தில் உள்மூலை 3 மில்லிமீட்டர் ஆரத்தோடுதான் இருக்கும். டிரிகரின் பின்மூலை சதுரமாக இருந்தால் அந்த வளைவில் மோதி, இழுப்பு பாதியில் நின்றுவிடும். மூலையில் கொஞ்சம் தள்ளி ஒரு சிறு துளை போட்டு இடம் விடலாம், அல்லது டிரிகரின் மூலையை உருட்டிவிடலாம். எதுவானாலும் வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். கடைசியில் அரத்தை எடுத்துக்கொண்டு குறுகிய பள்ளத்துக்குள் போராடினால் சுவர் கோணலாகிவிடும்.

பள்ளத்தின் அகலத்துக்குச் சமமான கட்டரை வாங்கி ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடலாம் என்பதும் தப்புக் கணக்கு. முழு அகலத்தில் வெட்டும்போது கட்டர் ஒரு பக்கமாக இழுக்கப்படும். பள்ளம் சற்று அகன்று, சற்று வளைந்து வரும். ஒரு படி சின்னக் கட்டரால் நடுவை எடுத்துவிட்டு, அப்புறம் இரு பக்கச் சுவர்களையும் தனித்தனியாகச் சீவுங்கள். கட்டர் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நீட்டல் இரட்டிப்பானால் கட்டர் வளைவது எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. ஆழமான பள்ளம் மேலே சரியான அகலத்திலும் அடியில் குறுகியும் வருவதற்கு இதுதான் காரணம். மேலே வழுக்கிப் போகும் டிரிகர் ஆழத்தில் இறுகும். பள்ளம் நெடுக வரிசையாகத் துளை போட்டுப் பெரும்பகுதி உலோகத்தை முதலிலேயே எடுத்துவிட்டால் கட்டரின் பாரம் வெகுவாகக் குறையும். இறுதி ஓட்டத்தை அளவு மாற்றாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

அலுமினியத்துக்கு இரண்டு அல்லது மூன்று பல் உள்ள கட்டர் போதும். இரும்புக்கென்று வாங்கிய, டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசிய கட்டரில் அலுமினியம் ஒட்டிக்கொள்ளும். சீவலைப் பள்ளத்திலிருந்து காற்றடித்து வெளியேற்றாமல் விட்டால் கட்டர் அதையே மறுபடி மறுபடி வெட்டிக் கடைசியில் ஒடியும்.

எதை முதலில் வெட்டுவது

என் இரண்டாவது ஃபிரேமை நான் கெடுத்தது இங்கேதான். டிரிகர் பின் துளை சரி, பள்ளத்தின் அளவும் சரி. ஆனால் ஆர்வத்தில் வெளிவளைவை முதலில் வெட்டிவிட்டேன். அதன் பிறகு வைஸில் பிடிக்க இணையான இரண்டு முகங்கள் இல்லை. மரத்துண்டுகளை அண்டக் கொடுத்துப் பிடித்தேன். பள்ளம் வெட்டும்போது துண்டு நகர்ந்தது. பல மணி நேர வேலை ஒரு நொடியில் போயிற்று.

சதுரக் கட்டியாக இருக்கும்வரைதான் அது உங்கள் சொல் கேட்கும். ஆறு முகங்களையும் நேராக்கிய உடன் டிரிகர் பின், சியர் பின் துளைகளைப் போட்டு, துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் ரீமரை ஓட்டிவிடுங்கள். பள்ளம் இன்னும் திறக்காததால் டிரில் பிட் திட உலோகத்திலேயே மறுபக்கம் வரை போகும். இரு சுவர்த் துளைகளும் ஒரே கோட்டில் அமையும். பள்ளம் வெட்டிய பிறகு துளை போட்டால், முதல் சுவரைத் தாண்டி வெற்றிடத்தில் ஆடிவிட்டு இரண்டாவது சுவரில் வேறிடத்தில் இறங்கும் வாய்ப்பு அதிகம். அடுத்து மேல்முகத் திருகுத் துளைகள், அதன் பின் பள்ளம், பக்கத்தகட்டுத் துளைகள், டிரிகர் கார்டின் உட்பகுதி. வெளிவளைவு எல்லாவற்றுக்கும் கடைசி.

பள்ளம் திறந்த பிறகு வைஸை இறுக்கினால் சுவர்கள் உள்ளே ஒடுங்கும். ஒடுங்கிய நிலையில் வெட்டிவிட்டு எடுத்தால் அளவு மாறிவிடும். பள்ளத்தின் அகலத்துக்கே ஒரு தகட்டை வெட்டி உள்ளே செருகிவிட்டுப் பிடியுங்கள். உலோகமும் தன் பங்குக்கு நெளியும். 6061-டி6 அலுமினியக் கலவை இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும், ஆனால் இழுத்து உள்விசை தணித்த டி651 தகடு கிடைத்தால் அதையே எடுங்கள். 0.3 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டி, வைஸைத் தளர்த்தி, மெல்லப் பிடித்து இறுதி ஓட்டம் கொடுத்தால் நெளிவு அதிலேயே சரியாகிவிடும். எந்தக் கலவை என்று தெரியாத பழைய வார்ப்புத் துண்டில் மட்டும் இறங்காதீர்கள்.

இழுப்பைக் குறைக்கும் ஆசை

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். சொந்தமாக ஃபிரேம் செய்கிற எல்லோருக்கும் டிரிகர் இழுப்பு குட்டையாக, இலகுவாக வர வேண்டும் என்று ஆசை. அதற்காகச் சியரின் முனையை அரத்தால் தேய்க்கிறார்கள். பல சியர்களுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் மென்மையான எஃகு சில நூறு சுடுதல்களில் வட்டமாகத் தேய்ந்துவிடும். அப்புறம் மார்க்கரைத் தரையில் வைக்கும் அதிர்ச்சிக்கே சுட்டுவிடும். முகக்கவசத்தைக் கழற்றி நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு அது நேராக இருக்கலாம். சியரின் கோணத்தைத் தொடாதீர்கள். வேண்டுமானால் மெல்லிய உப்புத்தாளால் மெருகு மட்டும் ஏற்றுங்கள். இழுப்பைக் குறைக்க டிரிகருக்கு முன்னும் பின்னும் ஒரு நிறுத்தத் திருகு வைத்தால் போதும். முன் திருகு வெற்று நகர்வைக் குறைக்கும், பின் திருகு சியர் விட்ட பிறகான நகர்வை நிறுத்தும். இரண்டையும் மரைப் பசை போட்டு நிலைநிறுத்துங்கள்.

மின்னணு ஃபிரேம் என்றால், டிரிகர் அழுத்தும் சிறு சுவிட்சான மைக்ரோ சுவிட்சையே நிறுத்தமாகப் பயன்படுத்தாதீர்கள், விரலின் அழுத்தம் அதை நசுக்கிவிடும். கம்பி போகும் வழியிலுள்ள ஓரங்களின் பிசிறை எடுத்துவிடுங்கள்.

புதிய டிரிகரோடு சேஃப்டி உண்மையிலேயே டிரிகரைத் தடுக்கிறதா என்று பாருங்கள். பழைய டிரிகருக்கு வெட்டிய பள்ளம் புதியதற்குப் பொருந்தாமல் போவது சகஜம். டிரிகர் கார்டையும் தோற்றத்துக்காகக் குறைக்காதீர்கள். மார்க்கர்களுக்கென்றே ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் எஃப்2272 தரநிலை இருக்கிறது. சொந்தமாகச் செய்பவர்களும் அதை ஒரு முறை பார்ப்பது நல்லது.

சோதனைக்கு முதலில் காற்று டேங்கைக் கழற்றிவிட்டு, மெக்கானிக்கல் மார்க்கரைக் கையால் காக் செய்து (ஹேமரைப் பின்னுக்கு இழுத்துச் சியரில் மாட்டி), ரப்பர் சுத்தியலால் நாலாபக்கமும் தட்டுங்கள். ஒரு முறை ஹேமர் விட்டாலும் அந்த ஃபிரேம் மைதானத்துக்குப் போகக் கூடாது. அடுத்து முகக்கவசம் போட்டு, பேரல் உறை மாட்டி, பந்து இல்லாமல் காற்றோடு அதே சோதனை. அதன் பிறகே பந்தின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். மைதானங்களின் வழக்கமான உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி, பல இடங்களில் அதற்கும் கீழே.

அனோடைசிங்குக்கு அவசரப்பட வேண்டாம். வழக்கமான சாயப் பூச்சு 5 முதல் 25 மைக்ரான் தடிமன் வரும். கடினப் பூச்சு 50 மைக்ரான் அளவுக்குப் போகும், அதில் பாதி உலோகத்துக்கு வெளியே வளரும். 3.18 மில்லிமீட்டர் துளையில் இரு பக்கமும் 25 மைக்ரான் வளர்ந்தால் 3.13 ஆகிவிடும், 3.175 பின் உள்ளே போகாது. டிரிகர் பின், சியர் பின் துளைகளை அடைத்துவிட்டுப் பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது வளர்ச்சியைக் கணக்கிட்டு ரீமரைத் தேர்ந்தெடுங்கள். எஃகுப் பின்னோ, மரைக்குள் வைக்கும் எஃகுச் சுருளோ ஃபிரேமில் இருக்கும்போது அமிலத் தொட்டிக்கு அனுப்பக் கூடாது.

பூச்சில்லாமலே சில ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். டிரிகரின் இரு பக்கமும் நிரந்தர மையைத் தடவிப் பூட்டினால் ஆட்டம் முடிந்து பிரிக்கும்போது எங்கே உரசுகிறது என்று மை அழிந்த இடமே காட்டும். பக்கத்துக்கு 0.05 மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்கும்படி அந்த இடத்தை மட்டும் சரிசெய்து, ஃபிரேமை நன்றாகக் கழுவி, அதன் பிறகு நிறத்துக்கு அனுப்புங்கள்.