ரெசின் சிலையைத் துடைக்கிறேன் என்று பெயின்டை உரிக்காதீர்கள்

பொங்கலுக்கு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது, ஷோகேஸில் இருந்த என் ரெசின் (அச்சில் வார்க்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) சாமுராய் சிலையின் தோளில் ஒரு பிசுக்குத் தடம் கண்ணில் பட்டது. கைக்கு எட்டிய சானிடைசரைப் பஞ்சில் நனைத்து நாலு தேய் தேய்த்தேன். பிசுக்கு போயிற்று. பஞ்சும் சிவந்துபோயிற்று. தோள்கவசத்தில் பெயின்டுக்கு அடிப்பூச்சாக இருந்த சாம்பல் பிரைமர் பல்லை இளித்தது.

சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால். இந்தச் சிலைகளில் பெரும்பாலும் பூசியிருப்பது அக்ரிலிக் பெயின்ட். மாடல் செய்கிறவர்கள் பழைய அக்ரிலிக்கை உரித்தெடுக்கவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போடுவார்கள். அதைத்தான் நான் ‘சுத்தம்’ என்று செய்திருக்கிறேன். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எல்லாம் இன்னும் மோசம். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் வேண்டாம்.

கல்தூள் கலந்த ரெசினை ‘பாலிஸ்டோன்’ என்று விற்கிறார்கள். தூக்கினால் கல் மாதிரியே கனக்கும். அதனால் முரட்டுத்தனமாகத் தேய்க்கலாம் என்று தோன்றும். நம் துணி படுவதென்னவோ அதன்மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும் பெயின்டில். பித்தளை விளக்குக்குப் போடும் புளி, எலுமிச்சை, பாத்திரப் பவுடர் எதையும் இதன் பக்கம் கொண்டுவரக் கூடாது. வெள்ளை மெலமின் ஸ்பாஞ்ச் மெத்தென்று இருந்தாலும் வேலை செய்வது உப்புத்தாள் போல. மேட் பூச்சுள்ள இடத்தில் இரண்டு இழுப்பு போதும், அங்கே மட்டும் பளபளவென்று வழுக்கை விழுந்துவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. ஒரே வாரத்தில் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான் உட்காரும்.

இன்னொரு தவறு, அழுக்கே இல்லாததைச் சுத்தம் செய்வது. துணி மடிப்பிலும் கவச இடுக்கிலும் தெரிகிற கருமை பல சிலைகளில் வேண்டுமென்றே பூசியது. ஆழம் தெரிவதற்காக நீர்த்த கறுப்பையோ பழுப்பையோ பள்ளங்களில் ஓடவிடுவார்கள். பூட்ஸில் இருக்கும் சேறும் வாளில் இருக்கும் துருவும் பெயின்டர் கைவண்ணமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் சிலை புதிதாக வந்தபோது எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, பின்னே எப்படித்தான் செய்வது? முதலில் தூசி. காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் தூசியில் இருக்கும் மணல்துகளே கீறிவிடும். மேக்கப் போடும் மெத்தென்ற பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வையுங்கள். பிரஷ்ஷின் உலோக வளையத்தில் டேப் சுற்றிவிட்டால் அது இடித்துப் பெயின்ட் பெயராது. மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இடுக்குகளுக்குக் கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் பம்ப் நன்றாக வேலை செய்யும். பெரும்பாலான சிலைக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

பிசுக்கு இருந்தால் மட்டும் தண்ணீர். ஒரு கப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர லிக்விட். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புத் திட்டு நிற்கும். கருநிறச் சிலையில் பளிச்சென்று தெரியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஏறாவிட்டால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீர்ப் பஞ்சால் சோப்பைப் போக்கி, மெல்லிய துணியால் ஈரத்தை உறிஞ்சவிடுங்கள்.

குழாயடியில் காட்டுவதோ பக்கெட்டில் முக்குவதோ கூடவே கூடாது. கை, தலை மாட்டும் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பாகங்களைப் பிடித்துவைக்கும் காந்தமும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியும் துருப்பிடிக்கும். வெந்நீர் பட்டால் வாள், விரல் போன்ற மெல்லிய பாகங்கள் இளகி வளையலாம். லைட் எரிகிற சிலையானால் பேட்டரியைக் கழற்றிய பிறகே தொடுங்கள்.

அப்புறம், சிலை உடைவது பெரும்பாலும் துடைக்கும்போது இல்லை, தூக்கும்போதுதான். கையையோ வாளையோ பிடித்துத் தூக்காமல், கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டு, பீடத்தை இரண்டு கையாலும் தாங்குங்கள்.

கண்ணாடி போன்ற ரெசின் பாகம் மஞ்சளாகியிருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெயிலும் வயதும் ரெசினுக்குள்ளேயே செய்த மாற்றம் அது, துடைத்தால் போகாது. ஜன்னலோரத்திலிருந்து தள்ளி வைத்தால் மேலும் மஞ்சளாவது மெதுவாகும். என் சாமுராயும் இப்போது ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில்தான் நிற்கிறார், அந்தத் தோளை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.